எழுபது கொண்டை ஊசிகளும் ஒரு மஞ்சள் விளக்கும்

கொண்டை ஊசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. எவ்வளவு பெரிய கொண்டையானாலும் பத்து ஊசிக்கு மேல் செலவழிக்கும் பெண்மணியை நான் பார்த்ததில்லை. ஆனால் எழுபது கொண்டை ஊசிகளைச் செருகிக்கொண்டு நாமக்கல் ஜில்லாவில் ஓர் அம்மாள் நிற்கிறாள். அவள்தான் கொல்லிமலை. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே போகலாம். எண்ணாமல் கண்ணை மூடிக்கொள்ளவும் செய்யலாம். நான் இரண்டாவது கட்சி.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி. நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவன். அதையும் இப்போது கைபேசியே சொல்லிவிடுவதால் வேர்க்கடலை உரித்துக் கொடுக்கும் உத்தியோகம்தான் எனக்கு மிச்சம். இந்தத் தடவை அந்த முன் ஸீட்டும் பறிபோயிற்று. முழங்கால் வலிக்காரியான என் அம்மா அதில் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாவுக்காகத்தான் இந்தப் பிரயாணமே. வயது எழுபத்து நாலு. அடுத்த வியாழக்கிழமை அமெரிக்காவிலிருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் புறப்படுகிறாள். "போறதுக்கு முன்னாலே அறப்பளீசுவரரை ஒரு தடவை பார்த்துட்டா தேவலைடா" என்றாள். அம்மா இப்படி 'தேவலை' என்று சொன்னால் அது மற்றவர்கள் சத்தியம் செய்வதற்குச் சமானம். ஒன்பது வயதில் அவளுடைய அப்பா அவளைப் புளியஞ்சோலைப் பக்கமிருந்து நடத்தியே மலைமேல் அழைத்துப் போயிருக்கிறார். பாதி வழியில் அவள் கால் வலித்து அழ, தோளில் தூக்கிக்கொண்டு ஏறினாராம். "உனக்குக் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளையோடு வா, மறுபடி அழைச்சிட்டுப் போறேன்" என்றாராம். கல்யாணத்துக்கு முந்திய வருஷமே தாத்தா போய்விட்டார். அப்புறம் யாரும் அம்மாவை அழைத்துப் போகவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டது இப்போதுதான்.

சென்னையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம், அங்கிருந்து நாமக்கல். சாலை பிரமாதம். வழியில் குடித்த காபியைப் பற்றி எழுதாமல் விடுவதுதான் மரியாதை. ராத்திரி நாமக்கல்லில் தங்கி, காலையில் சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளிக்கு வந்து மலை ஏற ஆரம்பித்தோம்.

ஒன்பதாவது வளைவில் அம்மா கேட்டாள்: "ஏம்மா, அந்தக் குழாய்ப் படம் எதுக்கு எரியுது?"

எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள பலகையில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு. எஞ்சினின் படம் என்று பெயர். எனக்கு எண்ணெய்க் கிண்டி மாதிரி தெரிந்தது. அம்மாவுக்குத் தண்ணீர்க் குழாய். நீங்கள் பார்த்தால் நீர்மூழ்கிக் கப்பல் என்பீர்களோ என்னவோ!

"எஞ்சின் விளக்கு, அத்தை" என்றாள் என் மனைவி. அவள் குரல் மாறியதை அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

இந்த விளக்கை நீங்களும் தினம் பார்க்கிறீர்கள். சாவியைத் திருப்பியதும் அது ஒருமுறை எரியும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடும். 'நான் செத்துப் போகவில்லை, விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று ஆஜர் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால்தான் சமாசாரம். அதிலும் நிறம் முக்கியம். சிவப்பில் எண்ணெய்க் கிண்டியோ, உஷ்ணமானிப் படமோ எரிந்தால் யோசனையே கூடாது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சள் அவ்வளவு அவசரக்காரனல்ல. நிதானமாக ஓட்டிக்கொண்டு போய்க் கூடிய சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டினால் போதும். ஆனால் அந்த மஞ்சளே விட்டு விட்டு மின்ன ஆரம்பித்ததோ, அது வேறு கதை.

பதினாலாவது வளைவில் எங்கள் விளக்கு மின்ன ஆரம்பித்தது. கார் விக்கல் எடுத்தவரைப் போல் குலுங்கிற்று. மனைவி சற்று அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினாள். எஞ்சினை அணைத்ததும் மலை முழுவதும் ஒரே நிசப்தம். கீழே சமவெளி புகை மூட்டமாய்த் தெரிந்தது. ஒரு குரங்கு வந்து முன்பக்கத்து மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டு, ரிப்பேருக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார்க்கிறாற் போல் எங்களை உற்றுப் பார்த்தது.

கொல்லிமலைக்கே உரிய ஒரு பாவை உண்டு. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப் பாவை. சிரித்துச் சிரித்தே வந்தவர்களை மயக்கிக் கொன்றுவிடுவாளாம். அந்தச் சமயத்தில் எனக்கு அவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். இவளும் சின்னதாய், அழகாய், மஞ்சளாய்க் கண்ணைச் சிமிட்டினாளே!

மேலேயிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். நல்ல மனிதர். "இதுக்கு ஏனுங்க நின்னுட்டீங்க? பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. லைட்டு போயிரும். மேல போயிரலாம்" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம், தெரியுமா? கைப்பிடி அளவு திருகுசாவிகூட அவரே கொடுக்கத் தயார். அம்மா பதினாலு வளைவு ஏறிவிட்டாள், இன்னும் ஐம்பத்தாறுதானே என்று என் மனசு கணக்குப் போட்டது. "செஞ்சு பார்க்கலாமே" என்றேன்.

"கூடாது" என்றாள் மனைவி. "விளக்குதானே போகும்? கோளாறு போகுமா?"

"அம்மா இவ்வளவு தூரம் வந்தாச்சு..."

"அதனாலேதான் சொல்றேன். அத்தையை வெச்சுக்கிட்டு நாப்பதாவது வளைவிலே வண்டி நின்னா என்ன செய்வீங்க? தோளிலே தூக்கிக்குவீங்களா?"

தாத்தாவின் கதை அவளுக்கும் தெரியும். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. மூன்று பேரும் பேசவில்லை. கடைசியில் அம்மாதான், "திரும்பிடலாம்மா. ஓட்டறவ சொன்னா அதுதான் சரி" என்றாள்.

இறங்கும்போது எஞ்சினுக்குச் சுமை கிடையாது. இரண்டாவது கியரில் மெள்ள மெள்ள உருண்டோம். மின்னல் நின்று, விளக்கு நிலையாக எரிந்தது. அம்மா ஜன்னல் வழியாக மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேர்க்கடலை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அடிவாரத்துக்கு வந்ததும் அண்ணனிடமிருந்து டெலிபோன். விஷயத்தைக் கேட்டதுமே, "பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகிப் பாரு. இங்கே பாதிப் பேருக்கு அதுதான் காரணம்" என்றான். அமெரிக்காவில் டாங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்பதைக்கூடக் கார் தானே சோதித்துக்கொள்ளும். மூடி சரியாக உட்காராவிட்டால் விளக்கு எரியும். ஓடிப்போய் மூடியைக் 'கிளிக், கிளிக்' என்று திருகினேன். விளக்கு அசையவில்லை. இத்தனைக்கும் மூடியே குற்றவாளியானாலும் திருகியவுடன் விளக்கு அணைந்துவிடாதாம். நாலைந்து தடவை ஓட்டி, கோளாறு திரும்பி வரவில்லை என்று காருக்கே நம்பிக்கை வந்த பிறகுதான் அணையுமாம். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

ஆனால் கார் மக்கர் செய்ய நாமக்கல்லைவிட நல்ல ஊர் கிடைக்காது. கோழி முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன ஊர் அது. வெறும் எலும்புக்கூடாக வரும் லாரிக்கு மரமும் இரும்பும் வைத்து உடம்பு கட்டி, பூவும் மயிலும் எழுதி, மணப்பெண்ணைப் போல் அனுப்பி வைக்கிறார்கள். தெருவுக்குத் தெரு பட்டறை. சுத்தியல் சத்தமும் பெயிண்டு வாசனையும் கலந்து வருகின்றன. அப்படிப்பட்ட ஒரு தெருவில் ஒரு பெரியவரின் கார் ஒர்க்ஷாப்பைப் பிடித்தோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் டெஸ்டர்.

அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, அங்கிருந்த ஒரு சின்னத் துவாரத்தில் கையடக்கமான ஸ்கேனரைச் செருகினார். "வாய விட்டுச் சொல்லுமுங்க" என்று சிரித்தார். திரையில் வந்தது 'பி 0302'.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நாலு சிலிண்டருங்க. இதுல ரெண்டாவது சிலிண்டர் சரியாப் பத்த மாட்டேங்குது. கடைசி நம்பர் அதைத்தானுங்க சொல்லுது."

"அப்படியானால் எந்த உறுப்பு கெட்டுப்போயிற்று?" என்று கேட்டேன்.

"அதச் சொல்லாதுங்க. ஜுரம் நூத்திரெண்டுன்னு தெர்மாமீட்டர் சொல்லும். மலேரியாவா டைபாய்டான்னு நாமதான கண்டுபிடிக்கோணும்?"

கண்டுபிடித்த விதம் இருக்கிறதே, அதைப் பார்த்து என் மனைவி அசந்துபோனாள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தலையில் ஒரு காயில் உண்டு. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்கில் பொறி தட்டவைப்பது அதுதான். பெரியவர் இரண்டாவதின் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதினுடையதை இரண்டாவதிலும் மாட்டினார். பைபாஸ் மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஸ்கேனரைச் செருகினார். இப்போது 'பி 0303'. வியாதி மூன்றாம் வீட்டுக்குக் குடி போய்விட்டது! அப்படியானால் குற்றவாளி காயிலே. வியாதி இரண்டாவதிலேயே தங்கியிருந்தால் பிளக்கையோ, பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டரையோ சந்தேகப்பட வேண்டுமாம்.

சென்னையிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சமத்தாக வந்த கார் மலையில் மட்டும் ஏன் விக்கவேண்டும்? அதற்கும் பதில் சொன்னார். ஏற்றத்தில் எஞ்சினுக்குள் அழுத்தம் அதிகம். அழுத்தத்தில் பொறி தட்ட இன்னும் பலமான மின்சாரம் வேண்டும். நொந்துபோன காயில் சமவெளியில் எப்படியோ சமாளித்துவிடும். மேட்டில் கையை விரித்துவிடும். காற்றில்லாத சமையலறையில் எந்தத் தீக்குச்சியும் பற்றும். மொட்டை மாடியில் பற்ற வைத்துப் பாருங்கள்!

பற்றாத பெட்ரோல் என்ன ஆகும்? அப்படியே புகைக் குழாய்க்குள் போகும். அங்கே காட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி. புகையிலுள்ள விஷத்தைக் குறைப்பது அதன் வேலை. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று நகைக் கடைச் சாமான்களெல்லாம் அதற்குள் பூச்சாகப் பூசப்பட்டிருக்கின்றன. பச்சைப் பெட்ரோல் அதில் போய் எரிந்தால் பெட்டியே பழுத்து உருகிக் கெட்டுவிடும். மின்னும் விளக்கு அலறுவது அதற்காகத்தான். "அந்த ஜீப்புக்காரர் சொன்னபடி ஒயரைக் கழட்டிட்டு ஏறியிருந்தீங்கன்னா, ரெண்டாயிரத்துச் சொச்சத்துல முடியற வேலை பல பத்தாயிரத்துக்குப் போயிருக்குமுங்க. அம்மணி திரும்பினது புத்திசாலித்தனம்" என்றார் பெரியவர். அம்மணி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததே பார்த்த மாதிரி இருந்தது.

இந்த விளக்கு பிறந்ததே புகைக்காகத்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கார்ப் புகையால் கண் எரிந்து ஜனங்கள் தவித்ததன் விளைவாகக் கலிபோர்னியாவில் சட்டங்கள் வந்தன. 1996 முதல் அமெரிக்காவின் எல்லாப் புதுக் கார்களிலும் இந்தச் சோதனை முறை கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் பிறகு வந்து, 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 விதிகள் அமலானபோது இன்னும் கண்டிப்பாயிற்று. ஆக, அது கவலைப்படுவது உங்கள் சௌகரியத்தைப் பற்றியல்ல. பின்னால் வருகிறவரின் மூக்கைப் பற்றி! கார் ஜோராக ஓடும்போதே விளக்கு எரிவதன் ரகசியம் இதுதான்.

காயில் நாமக்கல்லில் கிடைக்கவில்லை. லாரிக்கானால் எது வேண்டுமானாலும் உடனே கிடைத்திருக்கும்! சேலத்தில் சொல்லி, காலையில் பஸ்ஸில் போட்டு அனுப்ப ஏற்பாடாயிற்று. ஒர்க்ஷாப்பில் டீ குடித்துக்கொண்டே வேறு எதனாலெல்லாம் இந்த விளக்கு எரியும் என்று கேட்டேன். பெரியவர் முதலில் சொன்ன பெயர் எது தெரியுமா? பிள்ளையாரின் வாகனம்! பத்து நாள் நிறுத்தி வைத்த காரில் எலி குடியேறி ஒயரின் மேலுறையைக் கடித்துவிடுமாம். ஏதாவது ஒரு சென்சாரின் ஒயர் அறுந்தால் போதும், விளக்கு எரிந்துவிடும். கார் ஷெட்டிலோ மரத்தடியிலோ நெடுநாள் நிற்கிற வண்டியானால் வாரத்துக்கு ஒருமுறை முன்மூடியைத் திறந்து பாருங்கள் என்றார்.

அடுத்தது ஆக்ஸிஜன் சென்சார். புகைக் குழாயில் உட்கார்ந்து மோப்பம் பிடிக்கிற ஆசாமி. அவருக்கு வயதாகி மூக்கு அடைத்துவிட்டால் பெட்ரோல் கணக்குத் தவறி, செலவு ஏறும். அப்புறம் காற்று வரும் ரப்பர்க் குழாய். ஏர் பில்ட்டரைச் சுத்தம் செய்துவிட்டு இதைச் சரியாக இறுக்காமல் விடுவதும், வெயிலில் விரிசல் விடுவதும் உண்டு. சாம்பாருக்கு அளந்து உப்புப் போட்டுவிட்டு நீங்கள் அந்தண்டை போனதும், யாரோ வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினால் எப்படி? கார்க் கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான். அளந்த காற்றுக்குத்தான் அது பெட்ரோல் கொடுத்திருக்கும்; அளக்காத காற்று விரிசல் வழியே உள்ளே புகுந்துவிடும். மழை நாளில் டாங்குக்குள் தண்ணீர் சேர்ந்த பெட்ரோலும் இந்த விளக்கைப் போட்டுவிடும். 2020க்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதற்கு மட்டுமே ஓடுகிற வண்டியில் அது எரிந்து சுத்தமாகச் சந்தர்ப்பம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியை அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரு அரைமணி நேரம் ஓட்டி வரவேண்டுமாம். கணவன்மார்களிடம் காட்டுவதற்கு இந்த வரியை நீங்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக எங்கள் காரின் நாலு பிளக்குகளையும் கழற்றிக் காட்டினார். முனைகள் தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தது. அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி தட்டித் தட்டித்தான் காயில் களைத்திருக்கிறது. "சர்வீஸ் எப்பப் பண்ணினீங்க?" என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன். மூன்று மாதமாக மனைவி நினைவூட்டியதும், "வண்டிதான் நன்றாக ஓடுகிறதே" என்று நான் தள்ளிப் போட்டதும் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். நாலு பிளக்கையும் மாற்றச் சொன்னேன், கேட்காமலேயே.

மறுநாள் காலை, காயில் வருவதற்குள் நாமக்கல்லைச் சுற்றிப் பார்த்தோம். ஊர் நடுவே ஒரே பாறையாக மலை, உச்சியில் கோட்டை. மலையின் இரு பக்கமும் குடைந்தெடுத்த கோயில்கள்: ஒன்றில் நரசிம்மர், மற்றதில் அரங்கநாதர். நரசிம்மரைப் பார்த்தபடி எதிரே பதினெட்டு அடி உயரத்தில் ஆஞ்சநேயர் வெட்டவெளியில் நிற்கிறார். தலைக்குமேல் கூரை கிடையாது. அம்மா அவரிடம் நெடுநேரம் பேசினாள். காயிலைப் பற்றித்தான் இருக்கவேண்டும். சஞ்சீவி மலையையே தூக்கி வந்தவருக்கு ஒரு காயில் எம்மாத்திரம்! பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது.

மத்தியானம் மறுபடியும் காரவள்ளி. ஒன்பதாவது வளைவில் அம்மா பலகையைப் பார்த்தாள். இருட்டு. பதினாலாவதில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதே குரங்கோ, அதன் தம்பியோ, கட்டைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் மிளகுக் கொடி சுற்றிய மரங்களும், காப்பிச் செடியும், பலாவும் தொடங்கின. காற்று ஜில்லென்று மாறியது. எழுபதாவது வளைவைத் தாண்டியபோது நான்கூடக் கண்ணைத் திறந்துகொண்டிருந்தேன் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சோளக்காட்டில் அன்னாசிப் பழம் வாங்கினோம். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் பல மிருகங்களை வீழ்த்தியவன் என்று பாட்டு. அவனை அவசரமாக வணங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அறப்பளீசுவரர் சந்நிதியில் கூட்டம் இல்லை. ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். அம்மா படிகளின் தலைப்பில் நின்று தண்ணீரின் இரைச்சலைக் கேட்டாள். "இந்தச் சத்தம்தான். இதைக் கேட்டுத்தான் அப்பா, வந்துட்டோம்னு இறக்கி விட்டார்" என்றாள்.

ஐயாற்றில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. இங்கே மீன்களும் ஈசுவர சொரூபம் என்பது நம்பிக்கை. அம்மா மடியிலிருந்து பொரியை எடுத்தாள். நாமக்கல்லிலேயே வாங்கி முடிந்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. குனிய முடியாமல் அவள் தடுமாற, மனைவி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பிடி போட்டாள். இன்னொரு பிடியை, "இது அப்பாவுக்கு" என்று சொல்லிப் போட்டாள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

இருட்டுவதற்குள் செம்மேட்டு விடுதிக்குத் திரும்பிவிட்டோம். அண்ணனின் டெலிபோன் மறுபடியும் வந்தது. அம்மா கைபேசியைக் காதிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, மலை முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"மூடி இல்லைடா! காயிலு! ரெண்டாவது காயிலு! நான் அங்கே வந்து உனக்கு விவரமாச் சொல்றேன்!"